எந்தக் கடனை முதலில் அடைப்பது? வாரச் சம்பளக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

ஒரே வீட்டில் ஐந்தாறு கடன்கள் சேர்ந்துவிட்டால், எதை முதலில் அடைப்பது என்பதைப் பெரும்பாலும் கணக்கு முடிவு செய்வதில்லை; வாசலில் வந்து நிற்பவரின் குரலே முடிவு செய்கிறது. காலையில் தினத் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் வந்தால் அவருக்கு 100 ரூபாய் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னிலையில் மைத்துனர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அந்த ஆண்டுத் தீபாவளி போனஸ் முழுவதும், வட்டியே கேட்காத அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சமோ, மாதந்தோறும் வட்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதால் யாரும் சத்தம் போடாமல், அசலில் ஒரு ரூபாயும் குறையாமல், ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. இது கூச்சம் வகுத்துக் கொடுத்த வரிசை. இதை வட்டியின் வரிசையாக மாற்றினால், வருமானம் உயராத நிலையிலும் என்ன நடக்கும் என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கடன் நோட்டு

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டில் வீட்டின் எல்லாக் கடன்களையும் எழுதுவது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் எழுதி மற்றவருக்குக் காட்டினால் போதும் என்று நினைப்பது தவறு, ஏனெனில் இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் இருவருக்குமே மற்றவருக்குத் தெரியாத ஒரு கடன் இருக்கும். பக்கத்து வீட்டில் வாங்கிய ஐயாயிரம், மகளிர் குழுவில் வேறொருவருக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த தொகை, வேலை செய்யும் இடத்தில் வாங்கிய முன்பணம், கைப்பேசிச் செயலியில் எடுத்த சிறு கடன் ஆகியவை முதல் நாள் பட்டியலில் வருவதே இல்லை. ஆகவே பட்டியல் ஒரே இரவில் முடிந்துவிட்டதாக எண்ணாமல், ஒரு வாரம் திறந்து வைத்திருங்கள். அந்த வாரத்தில் வெளிவரும் கடனைக் குறித்துச் சண்டை போடுவதில்லை என்று முன்னதாகவே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரில் மீதமுள்ள அசல், வட்டி, மாதம் கட்டும் தொகை, தவணை நாள் ஆகியவற்றோடு, அந்தக் கடனுக்காக எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் எழுத வேண்டும்: அடகு வைத்த நகை, கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, தொகை நிரப்பாமல் கொடுத்த காசோலை, வீட்டுப் பத்திரம், வண்டியின் ஆர்.சி. புத்தகம் என எதுவானாலும் சரி. இந்தக் கடைசிக் குறிப்பின் பயன் கடனை முடிக்கும் நாளில்தான் தெரியும். மொய் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் வாங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்ற ஊர்களில்தான் மொய் நோட்டைத் திருப்பித் தர வேண்டிய பணத்தின் பட்டியலாகப் பார்க்காமல், வாழ்த்துப் பட்டியலாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது.

எல்லா வட்டியையும் ஆண்டுக்கு மாற்றுவது

வட்டியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில் சொல்வதால், எது கனமான கடன் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கைமாற்றுக் கொடுப்பவர் மூன்று ரூபாய் வட்டி என்கிறார். அது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். நகைக் கடன் தரும் வங்கி 12 சதவீதம் என்று ஆண்டு விகிதத்திலேயே சொல்வதால், எண்ணை மட்டும் கேட்பவருக்கு 3 சிறியதாகவும் 12 பெரியதாகவும் தோன்றிவிடும். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு சேர்கிறது.

தண்டலின் கணக்கு இன்னும் மறைவானது. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்து 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும்போது, பத்தாயிரத்துக்கு ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 ரூபாயும் 100 நாள் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை. தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது சுமார் 4,500 ரூபாய்தான். 4,500 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் ஆகிறது.

வண்டிக் கடன், பொருள் கடன் போன்றவற்றில் சொல்லப்படும் நிலை வட்டியும் (அசல் குறைந்தாலும் தொடக்க அசலுக்கே கணக்கிடும் வட்டி) இதே வகையைச் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கு 12 சதவீத நிலை வட்டி, மூன்று ஆண்டுகள் என்றால், 36,000 ரூபாய் வட்டியைச் சேர்த்து 36 மாதங்களால் வகுத்து மாதம் 3,778 ரூபாய் வாங்குவார்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால் அது சுமார் 21 சதவீதத்துக்குச் சமம். எனவே எந்தக் கடனுக்கும் கேட்க வேண்டிய கேள்வி, அந்த விகிதம் நிலை வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்பதுதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வாரம் 4,800, மனைவிக்கு வாரம் 3,200, இருவருக்கும் சனிக்கிழமைச் சம்பளம். நான்கு வாரத்துக்கு 32,000 ரூபாய். கடன்கள் இவை. தண்டலில் இன்னும் 60 நாள் பாக்கி, 6,000 ரூபாய். மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம். கிரெடிட் கார்டில் 40,000. மகளிர் சுயஉதவிக் குழுவின் வழியாக எடுத்த வங்கிக் கடனில் மீதி 45,000, இரு சக்கர வண்டிக் கடனில் மீதி 48,000. இவ்விரண்டுக்கும் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று கொள்வோம். அதே 12 சதவீதத்தில் நகைக் கடன் ஒன்றரை லட்சம். கணவரின் அண்ணனிடம் வட்டியில்லாமல் வாங்கியது 80,000. மொத்தம் 4,69,000 ரூபாய். குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தை விட அதிகம்.

மாதம் போவது: தண்டலுக்கு 3,000, மூன்று ரூபாய் வட்டிக்கு 3,000, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 2,000, குழுவுக்கு 2,500, வண்டிக்கு 3,000, நகை வட்டிக்கு எடுத்து வைப்பது 1,500. ஆக 15,000 ரூபாய். மீதமுள்ள 17,000 ரூபாயில் வாடகை, மளிகை, பால், கேஸ், பள்ளிச் செலவு எல்லாம் நடக்க வேண்டும். இந்தக் குடும்பத்தால் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்ட முடியாது என்றே வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் மாற்றுவோம்.

அதிக வட்டியுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த விதிப்படி தண்டலே முதலில் வர வேண்டும் என்றாலும், அதில் ஒரு விலக்கு இருக்கிறது: தண்டலின் வட்டி முன்னதாகவே பிடிக்கப்பட்டுவிட்டது. இன்று 6,000 ரூபாயை எங்கிருந்தோ புரட்டி மொத்தமாகக் கட்டினாலும், தள்ளுபடி தராத வரை ஒரு ரூபாயும் மிச்சமாகாது. எனவே அதை அதன் போக்கில் 60 நாள் ஓடவிட்டு முடிப்பதே சரி. ஆபத்து, முடியும் நாளில்தான் வருகிறது. எண்பதாவது நாளிலேயே, மீதியைக் கழித்துக்கொண்டு புதுத் தண்டல் தருகிறேன் என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான்.

தண்டல் முடிந்த மூன்றாம் மாதத்தில் விடுபடும் 3,000 ரூபாய் கார்டுக்குப் போகட்டும். ஏற்கெனவே கட்டும் 2,000 ரூபாயோடு அது 5,000 ஆகிறது. மாதம் 2,000 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், வரியும் சேர்ந்து அந்த 40,000 ரூபாய் தீர மூன்றரை ஆண்டுக்கு மேலாகும். 5,000 கட்டினால் சுமார் பத்து மாதங்களில் தீர்ந்துவிடும். அந்தப் பத்து மாதங்களிலும் கார்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். நிலுவை இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

மூன்று ரூபாய் வட்டியை நகைக் கடனாக மாற்றுவது

இந்தக் கணக்கில் பெரிய மாற்றத்தைத் தரும் படி இதுவே. ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வட்டி கட்டும் குடும்பம், அதே 3,000 ரூபாயை 12 சதவீத வட்டியுள்ள ஒரு லட்சத்துக்குக் கட்டினால், 41 மாதங்களில் வட்டியும் அசலும் சேர்ந்து முடிந்துவிடும். பழைய இடத்தில் அதே 41 மாதங்களில் 1,23,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார்கள். ஒரு லட்சம் அப்படியே நின்றிருக்கும்.

அதற்கு நகை வேண்டும், இருந்ததெல்லாம் அடகில் அல்லவா இருக்கிறது என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளாகத் தங்கத்தின் விலை பெரிதும் உயர்ந்திருப்பதால், முன்பு அடகு வைத்த அதே நகைக்கு இன்று கூடுதல் தொகை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வங்கியிலோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, கூட்டுறவு நகர வங்கியிலோ நகையைத் திருப்பி மறு அடகு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். தனியார் அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வைத்த நகை இருந்தால், அதை இந்த இடங்களுக்கு மாற்றுவதே முதல் படியாக இருக்க வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கூடுதலாகக் கிடைக்கும் பணம் ஒரு நாள்கூட வீட்டில் தங்கக் கூடாது. வங்கியிலிருந்து நேராகக் கடன் கொடுத்தவரிடம் போய், பணத்தைக் கொடுத்து, புரோநோட்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அடுத்தது, ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே போவது பலருக்குப் பழக்கம்; அப்படிச் செய்தால் மூன்று ரூபாய் வட்டிக் கதையே ஒரு ரூபாய் வட்டியில் மறுபடி தொடங்கும். நகைக் கடனில் மாதாமாதம் சிறு தொகை கட்ட அனுமதி உண்டா என்பதைக் கடன் எடுக்கும்போதே கேட்டு, கட்டும் தொகை வட்டிக்குப் போக மீதி அசலில் வரவு வைக்கப்படுகிறதா என்பதை ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். தாலிக்கொடியை வைப்பதா என்பது அந்தந்த வீட்டுக்காரர்கள் முடிவு செய்ய வேண்டியது. நான் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

இப்படி மாற்றிய பின் நம் குடும்பத்துக்கு நகைக் கடன் இரண்டரை லட்சம் ஆகிறது. அதற்கு மாதம் 4,500 ரூபாய் போகிறது. பன்னிரண்டாம் மாதத்தில் கார்டு முடிந்ததும் அந்த 5,000 ரூபாய் நகைக்கு வருகிறது. பதினெட்டாம் மாதத்தில் வண்டிக் கடன் முடிந்து 3,000 ரூபாயும், இருபதாம் மாதத்தில் குழுக் கடன் முடிந்து 2,500 ரூபாயும் சேர்கின்றன. அதன் பிறகு 15,000 ரூபாயும் நகைக்கே போவதால், ஏறக்குறைய 32 மாதங்களில் நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும். அண்ணனின் 80,000 ரூபாய் அடுத்த ஆறு மாதங்களில் முடியும். ஆக, மூன்று ஆண்டும் இரண்டு மூன்று மாதமும். ஒரு மாதத்திலும் 15,000 ரூபாயைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் திட்டத்தில் கடினமான பகுதி அண்ணனிடம் பேசுவதுதான். வட்டியில்லாத கடன் கடைசியில் வர வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் சொல்லாமல் கடைசியில் வைத்தால் உறவு கெடும். நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய், எந்தெந்தக் கடன் எந்த மாதம் முடிகிறது, அவருடைய முறை எப்போது வருகிறது என்பதை அவருக்கே காட்டுவதுதான் வழி. தேதி தெரியாத கடனுக்குத்தான் கோபம் அதிகம். அவருக்கே திடீரென்று ஒரு தேவை வந்துவிட்டால், வரிசையை மாற்றத்தான் வேண்டியிருக்கும். அப்போது கார்டை முடித்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுச் செலவில் பணம் எங்கே இருக்கிறது

டீ குடிக்காதீர்கள், சினிமாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்வது எளிது. நெருக்கடியில் இருக்கும் குடும்பம் அதையெல்லாம் ஏற்கெனவே நிறுத்தியிருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

வாரச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு வசதி, ஐந்தாவது சனிக்கிழமை. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு வாரமென்று செலவைத் திட்டமிட்டால் 48 வாரம்தான் கணக்கில் வரும். மீதி நான்கு வாரச் சம்பளம், ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் எங்கே போனதென்றே தெரியாமல் போய்விடுகிறது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் வாரக் கணக்கில் ஏறுவதில்லை என்பதால், மளிகைக்குப் பாதியை ஒதுக்கினாலும் நம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 16,000 ரூபாய் மிஞ்சும்; மேலே சொன்ன 38 மாதங்களில் மூன்று நான்கு மாதங்கள் குறைந்துவிடும். காலண்டரில் அந்தச் சனிக்கிழமைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே வட்டமிட்டு வைப்பது நல்ல பழக்கம். தீபாவளி போனஸ், தகுதியுள்ள தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் வர வேண்டியது. அதில் துணிக்கும் பலகாரத்துக்கும் இவ்வளவு என்று முன்னதாகவே பிரித்துவிட்டு மீதியை அப்போது வரிசையில் நிற்கும் கடனுக்குக் கட்டுங்கள்.

ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் கூட்டத்துக்குப் பயந்து விட்டுவிடுவது நட்டம். மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் உயர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 490-இல் நிற்பதும் 510-இல் நிற்பதும் பில்லில் இருபது யூனிட் வித்தியாசம் மட்டும் அல்ல. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், வங்கிக் கணக்கில் வந்து செலவோடு செலவாகக் கரைவதற்குப் பதிலாக, நகைக் கடனுக்கான மாதத் தொகையாக மாறலாம்.

பெரிய தொகை ஒளிந்திருக்கும் இடம் பள்ளிக் கட்டணம். ஜூன் மாதம் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பம், அந்த வட்டியையும் சேர்த்துத்தான் படிப்பின் விலையைப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிக்கு மாற்றுவது பெற்றோருக்கு மானப் பிரச்சினையாகத் தோன்றுவதை நான் அறிவேன். ஆனால் தொடக்கப் பள்ளியில் காலை உணவும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகையும் இருக்கும்போது, கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதுதான் குழந்தைக்கு நன்மையா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை மட்டும் நடுவில் மாற்ற வேண்டாம்.

கைக்காப்புப் பணம்

கடன் இருக்கும்போது சேமிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. 36 சதவீத வட்டி கட்டிக்கொண்டே வங்கியில் பெருந்தொகை வைத்திருப்பது மடமைதான். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாத குடும்பம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று இரவே மறுபடி தண்டல்காரரிடம் போய் நிற்கும். ஆகவே ஐயாயிரமோ பத்தாயிரமோ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியே இருக்கட்டும். எடுத்தால் அடுத்த இரண்டு மாதங்களில் அதை நிரப்பிய பிறகுதான் கூடுதல் தவணை.

இந்தக் கடன்களில் எத்தனை மருத்துவச் செலவால் வந்தவை என்று நோட்டில் குறித்துப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. பணம் பிடிக்கப்பட்டும் அட்டையில் மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோரின் பெயரைச் சேர்க்காமல் விட்டவர்கள் ஏராளம். இ.எஸ்.ஐ. இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அலைவதை விட இப்போது ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.

கடன் கொடுத்தவர்களோடு பேசுவது

தவணை கட்ட முடியாத மாதம் வரும் என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அடகின்றித் தரும் நுண்கடன்களுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் தரும்போது, எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும், அந்தக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பதும் 2022-இல் வந்த விதிகள். முறைகேடு நடந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செயலிக் கடன்காரர்கள் படங்களை வைத்து மிரட்டினால் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பயந்து இன்னொரு செயலியில் வாங்கி அடைப்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது.

தனியாரிடம் வாங்கிய கடனுக்கு வேறு சட்டம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு வந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நியாயமான வட்டியோடு பாக்கியை நீதிமன்றத்தில் செலுத்தி வரவு வைக்கக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். வங்கிக் கடன் ஏற்கெனவே வழக்காகிவிட்டிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கே ஏற்கும் தொகைக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கட்ட முடியாத தவணைக்கு அவசரத்தில் தலையாட்டிவிடக் கூடாது. பாதித் தொகையில் முடித்துத் தருகிறேன் என்று ஒரு நிறுவனம் முன்வந்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முழுமையாக அடைத்த கடனாகப் பதியாமல் சமரசத்தில் முடிந்ததாகவே பதியும். வேறு வழியில்லாத நிலையில் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைத் திரும்ப வாங்குவது

கைமாற்றுக் கடனில் பகுதித் தொகை கொடுக்கும்போதெல்லாம் தேதி, தொகை, பெற்றவர் கையெழுத்து ஆகியவற்றை உங்கள் நோட்டிலேயே வாங்குங்கள். முடிந்தவரை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுத்தால் சாட்சி தேட வேண்டியதில்லை. கடைசித் தவணையைக் கொடுக்கும் அன்று, முதல் நாள் நோட்டில் எழுதிய குறிப்பைப் பார்த்து, கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும். புரோநோட்டைத் தேடித் தருகிறேன், காசோலை ஆடிட்டரிடம் இருக்கிறது என்ற பதில் வந்தால், கடைசித் தவணையில் ஒரு பகுதியை அது கிடைக்கும் நாளில் தருவதாகச் சொல்லலாம். தொகை நிரப்பாமல் கொடுத்த காசோலை, கடன் முடிந்த பிறகும் வேறு தொகை நிரப்பப்பட்டு வங்கிக்குப் போய்த் திரும்பினால், காசோலை மோசடி வழக்கில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காசோலை திரும்பக் கிடைக்கவே இல்லையென்றால், கடன் முடிந்ததற்கு எழுத்துச் சான்று வாங்கிக்கொண்டு, அந்த எண்ணுள்ள காசோலைக்குப் பணம் தர வேண்டாமென்று உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் நிலுவை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். வண்டிக் கடனாக இருந்தால் அந்தச் சான்றைக் கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.-யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்குவது வரை வேலை பாக்கி இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனில், முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. ஓரிரு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, முடித்த கடன் அங்கே முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்றின் நகலை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். அண்ணனிடம் திரும்ப வாங்க எந்தப் பத்திரமும் இருக்காது. நோட்டில் அந்த வரியை அவர் முன்னிலையில் அடித்துவிட்டு வந்தால் போதும்.